கறுப்பு வெள்ளையில் அக்கா

எங்கள் ஊரில் ஒரு மனித முகம் சுவரில் ஏறுவதற்கு மூன்றே காரணங்கள் உண்டு: எலெக்சன், டியூஷன், சாவு. எலெக்சனுக்கு நிற்பவரையும் டியூஷன் மாஸ்டரையும் கலரில் அடிப்பார்கள். இருவரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கறுப்பு வெள்ளையில் வருகிறவர் செத்தவர். கொட்டாஞ்சேனையில் இதை நர்சரிப் பிள்ளையும் சொல்லும். மக்களின் மனதை அறிவது எப்படி என்று மாதக்கணக்கில் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு மட்டும் இது தெரிந்திருக்கவில்லை.

இவ்வளவு வருடம் கழித்து எழுதுவதால் கோபம் ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் காலையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஒபிசில் கிளார்க். பின்னேரம் பம்பலப்பிட்டியில், காலி வீதியோரக் கட்டடமொன்றின் மேல்மாடியில் மீடியா டிப்ளோமா. எங்களுக்கு மார்க்கெட்டிங் படிப்பித்த சேர் வெளிநாட்டில் விளம்பரக் கம்பனியில் இருந்துவிட்டு வந்தவர். வெயிலிலும் கறுப்புச் சட்டைதான் போடுவார். கடைசித் தவணைக்கு அவர் தந்த வேலை இதுதான்: குழுவாகச் சேருங்கள், யாருக்கும் தெரியாத ஒரு பாடகரைப் பிடியுங்கள், அவருடைய ஒரு பாட்டை மக்களிடம் கொண்டுபோங்கள், என்ன செய்தீர்கள் என்று வகுப்பில் வந்து சொல்லுங்கள்.

என் குழுவில் என்னோடு இரண்டு பேர். இருவரும் வெள்ளவத்தை. ஒருவர் தலைவர். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவரே நின்று அவரே வென்றார். லெப்டொப்பும் அவருடையது, கூட்டம் நடக்கும் ஃப்ளாட்டும் அவருடையது, முடிவும் அவருடையது. மற்றவள் முகநூல் வேலைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள். வெள்ளை நிறம், நீளமான முடி. அந்த முடியை முன்னால் எடுத்துப் போடுவதும் பின்னால் தள்ளுவதுமாகவே கூட்டம் முடிந்துவிடும். இருவரும் கெட்டவர்கள் இல்லை என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

பாடகர் யார் என்ற கேள்வி வந்தபோது நான்தான் அக்காவைச் சொன்னேன். அக்கா என் பெரியம்மாவின் மகள். பெரியம்மா இறந்த பிறகு அவளும் பெரியப்பாவும் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, அதே ஒழுங்கையில் தனியாக இருந்தார்கள். பெரியப்பா ஹாபரில் வின்ச் ஓட்டியவர். அந்த இரைச்சல் அவருடைய இரண்டு காதையும் தின்றுவிட்டது. காதோடு வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும்; மற்றபடி நாம் வாயை அசைப்பதைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். பதில் சொன்னால் ஒழுங்கை முழுவதும் கேட்கும்.

அக்கா புறக்கோட்டையில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தாள். காலையிலிருந்து கடை மூடும் வரை நின்ற நிலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடுவாள். எங்கள் கோயிலில் பாடகர் குழு பின்னால், மாடியில். கீழே இருக்கிற சனத்துக்குக் குரல் மட்டும்தான் வரும். கல்யாண வீடுகளில் பாண்ட்காரர்கள் அவளைக் கூப்பிடுவார்கள். அங்கேயும் அவள் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். முன்னால் ஒல்லியான ஒரு பிள்ளை மினுங்குகிற சட்டையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயசைக்கும். அக்கா கறுப்பு. உடம்பும் கொஞ்சம் பெரிது. முப்பது தாண்டி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. இது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் குற்றம் மாதிரித்தான் அவளை நடத்தினார்கள்.

அவளிடம் சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. கடை மூடும் நேரத்தைப் பற்றி அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டது. எழுந்து ஆட வைக்கிற பைலாத் தாளம், ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால் நெஞ்சை என்னவோ செய்யும். அதில் ஒரு அடி எனக்கு உயிர்:

*உக்கார ஒரு ஸ்டூல் இல்ல*
*ஊருக்கெல்லாம் சேல விரிச்சேன்.*

நான் போய்க் கேட்டபோது அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைக்காமலே யோசித்தாள்.

"தாறேன் தங்கச்சி. ஆனா ஒண்டு. என்ட மூஞ்சியப் போடணும். வேற யாரையும் முன்னுக்கு நிப்பாட்டக் கூடாது."

"சத்தியமா அக்கா," என்றேன்.

"சத்தியம் எல்லாம் வேணாம். போட்டாச் சரி."

பிறகு நடந்த அத்தனை சண்டையும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான். அவளுடைய பாட்டுக்கு அவளுடைய முகம். வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே தலைவர் தொடங்கிவிட்டார். வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஃப்ளாட், ஐந்தாம் மாடி. அவருடைய அம்மா ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிள்ளை எவடம்?" என்று என்னைக் கேட்டார். கொட்டாஞ்சேனை என்றேன். "ஓ… அங்கயும் எங்கட ஆக்கள் இருக்கினம்தானே," என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

தலைவர் பாட்டைக் கேட்டார், தலையை ஆட்டினார்.

"உம்மட அக்காவின்ர குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா முகம்… பிழையா எடுக்காதையும். நாங்கள் விக்கிறது ஒரு பிராண்ட். பாக்கிற ஆக்களுக்கு ஒரு ஃபீல் வரவேணும்."

"வீடியோவில நான் வாயசைக்கிறன்," என்று முடியைப் பின்னால் தள்ளினாள் மற்றவள். "எனக்குப் பிரச்சினை இல்ல."

அவளுக்குப் பிரச்சினை இல்லையாம்! நான் ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அக்காவின் முகம் வராவிட்டால் பாட்டும் வராது என்று சொன்னேன்.   அன்றைக்கு நான் வென்றேன். தலைவர் இரண்டு கையையும் தூக்கி, "சரி சரி, உமக்காகப் போடுறம்," என்றார். ஏதோ என் கலியாணத்துக்கு நகை போடுகிற மாதிரி.

அடுத்த சண்டை ஸ்டூலுக்கு. பாட்டு இந்தியாவிலும் போக வேண்டும், ஸ்டூல் என்பது சீப்பான சொல், அதனால் 'உக்கார ஒரு சிம்மாசனம் இல்ல' என்று மாற்றிப் பாட வேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார். சேலைக் கடைப் பெண்ணுக்கு எதற்குச் சிம்மாசனம்? நாளெல்லாம் நின்று கால் வீங்கினவள் ராசாவாகவா ஆசைப்படுவாள்? ஒரு ஸ்டூலுக்குத்தான் ஆசைப்படுவாள். இதைத் தலைவருக்கு நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் சங்கு ஊதினாலும் பரவாயில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு வாயைப் பார்த்தாவது விளங்கும். கடைசியில் அக்காவே, "இரண்டு மாதிரியும் பாடித் தாறேன், விடு," என்றாள். மூஞ்சிக்காக ஸ்டூலை விட்டுக்கொடுத்தாள்.

போஸ்டருக்குப் படம் எடுக்க அவளைக் கொட்டாஞ்சேனையிலேயே ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். அவளிடம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கடையில் மற்றவர்களுக்கு விரித்து விரித்துக் காட்டி, கடைசியில் தனக்கென்று ஒன்றை மாதாமாதம் காசு கட்டி எடுத்தது. அந்த மஞ்சளில் அவள் முகம் அப்படி எடுத்துக் காட்டியது. ஸ்டூடியோக்காரரே, "மிஸ், ஃப்ரேம் போட்டு ஷோகேஸ்ல வைக்கவா?" என்று கேட்டார். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தது படத்தில் விழுந்துவிட்டது. படத்தைத் தலைவருக்கு அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு போஸ்டரை என் கண்ணில் காட்டவில்லை. கேட்டபோதெல்லாம் சர்ப்ரைஸ் என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா கடையில் லீவு போட்டாள். சிம்மாசனத்தைப் பாடி முடிக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் ரெக்கோடிங் அறை. சுவரில் முட்டைத் தட்டு ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் ரயில் போனால் அறையே அதிரும். அதனால் ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையில்தான் பாட வேண்டும். நாங்கள் எல்லோரும் ஃபோனை ஓஃப் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள், ரயில் வரும், நிறுத்துவாள், தண்ணீர் குடிப்பாள், திரும்பப் பாடுவாள். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

முடிந்து வெளியே வந்தபோது தலைவர் கண்ணைச் சிமிட்டினார். "இண்டைக்கு உங்கட ஏரியாவில ஒரு விசயம் இருக்கு. போய்ப் பாருங்கோ."

"என்ட படமா?" என்று கேட்டாள் அக்கா.

"ஓமோம். எல்லா இடமும்."

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். புறக்கோட்டையில் இறங்கி மாறி ஏறினோம். சந்தியில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பினால் வெள்ளைக் கொடி. இந்தப் பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கச் சுவருக்குமாகக் கயிறு இழுத்து, வரிசையாக வெள்ளைக் கொடி. எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால் வீட்டுக்காரர் சொல்லக் காத்திருக்க மாட்டார்கள். சந்தியில் நிற்கிற பெடியன்மாரே கொடியைக் கட்டிவிடுவார்கள். அது அவர்கள் செய்கிற மரியாதை.

"ஐயோ, யாருக்கு என்னாச்சி?" என்று முன்னால் நின்ற பெடியனின் தோளைத் தொட்டு அக்கா கேட்டாள்.

அவன் திரும்பினான். கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு "யேசுவே!" என்று கத்தினான். ஏணியில் நின்றவன் அப்படியே சரிந்து இறங்கினான். முன் வீட்டு அன்ரி வெளியே வந்து அக்காவைப் பார்த்து, நெஞ்சில் கையை வைத்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நான் லைட் போஸ்டைப் பார்த்தேன்.

அக்காவின் முகம். கறுப்பு வெள்ளையில். அந்த மாம்பழ மஞ்சளை உறிஞ்சி எடுத்துவிட்டிருந்தார்கள். சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. மேலே 'மறையாத குரல்'. கீழே அவளுடைய முழுப் பெயர். அதற்கும் கீழே 'ஞாயிறு மாலை நான்கு மணி'. வேறு ஒரு சொல் இல்லை. பாட்டு என்று இல்லை, எங்கே வெளியீடு என்று இல்லை. சொல்லாமல் விட்டால்தான் சனம் தேடுமாம். சனம் தேடத்தான் செய்தது. எந்தச் சுடலை, மாதம்பிட்டியா, கனத்தையா என்று தேடியது. பெரியம்மா இறந்தபோது அவருடைய படம் ஒட்டியிருந்ததும் இதே லைட் போஸ்டில்தான்.

தலைவருக்கு இது ஏன் தெரியவில்லை என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். வெள்ளவத்தை ஃப்ளாட்டில் சாவு வந்தால் அது லிஃப்டில் இறங்கி, பொரளையில் பிரேதம் வைக்கிற மலர்ச்சாலைக்குப் போய்விடும். மறுநாள் பேப்பரில் வரும். சுவரில் வராது. சரி, தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே! அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குச் சர்ப்ரைஸ். டியூஷன் போஸ்டர் ஒட்டுகிற ஆட்களைப் பிடித்து, நாங்கள் ஃபோனை மூடிவிட்டு முட்டைத் தட்டுக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தில், கொட்டாஞ்சேனை முழுவதும் அக்காவைச் சாகடித்துவிட்டார்கள்.

"அப்பா எங்க?" என்றாள் அக்கா.

 வீடு திறந்து கிடந்தது. அலுமாரியும் திறந்து கிடந்தது. பெரியப்பா இல்லை.

முன் வீட்டு அன்ரிதான் அழுது அழுது சொன்னார். போஸ்டரைப் பார்த்ததும் சனம் வீட்டுக்கு வந்துவிட்டது. அக்காவின் ஃபோனுக்கு அடித்தார்கள், என்னுடையதுக்கும் அடித்தார்கள், இரண்டும் ஓஃப். எங்கள் வீட்டிலும் ஆள் இல்லை, எல்லோரும் வேலைக்குப் போன நேரம். பெரியப்பாவுக்கு யார் என்ன சொன்னாலும் விளங்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதால் வாயசைவு எப்படிப் பிடிபடும்? யாரோ ஒருவர் சுவரிலிருந்து ஒரு போஸ்டரை உரித்து அவர் கையில் கொடுத்திருக்கிறார். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அக்கா லீவு என்பது தெரியாத யாரோ, புறக்கோட்டையில் அக்சிடென்ட் என்றால் பெரியாஸ்பத்திரியில்தான் வைத்திருப்பார்கள் என்று சொன்னதை மட்டும் வாயிலிருந்து பிடித்துக்கொண்டார். உள்ளே போய் ஒரு பையோடு வந்து, சந்தியில் த்ரீவீல் ஏறிவிட்டார். கூட வருகிறோம் என்றவர்களைக் கையால் தடுத்துவிட்டாராம்.

அதே த்ரீவீல்காரர் சந்திக்குத் திரும்பி வந்திருந்தார். அக்காவைக் கண்டதும் வேறு கேள்வி கேட்காமல் வண்டியைத் திருப்பினார். "மிஸ், எனக்கு அங்கள் அந்தப் பேப்பரக் காட்டினாரு, நானும் நம்பிட்டேன்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.  அக்கா என் கையை நெரித்துப் பிடித்திருந்தாள்.

சவச்சாலை வாசலில் ஒரு சீமெந்து வாங்கு. பெரியப்பா அதில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காவல்காரர் நின்று சிங்களத்தில் ஏதோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு ஆள் இங்கே வரவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் பழகாத வாயின் அசைவு அவருக்குப் பிடிபடாது. அந்த மனுசன் பொறுமையாகத் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டுவதைப் பெரியப்பா, இப்போது காட்ட மாட்டோம், பொறுங்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் பொறுத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போஸ்டர் மடித்து வைத்திருந்தது. மடியில் பை.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் கத்தவில்லை, எழும்பவில்லை. பையைத் தூக்கி அவளிடம் நீட்டினார்.

"மகள், சேல கொண்டாந்தேன்."

ஆஸ்பத்திரி வளவு முழுவதும் அது கேட்டது. பையில் அந்த மாம்பழ மஞ்சள் சேலை. பிரேதத்துக்கு உடுத்த வீட்டிலிருந்துதான் உடுப்பு கொண்டுபோக வேண்டும். அவளிடம் இருந்ததில் எது நல்லது என்று அந்த மனுசனுக்குத் தெரிந்திருந்தது. தாய்க்கும் அவர்தான் கொண்டுபோனவர்.

பிறகுதான் அவருக்குத் தான் யாரோடு பேசுகிறோம் என்பது உறைத்தது.  அவளுடைய முகத்தைத் தடவினார், காதைப் பிடித்து இழுத்தார், முதுகில் பளாரென்று ஒரு அடி வைத்தார். அக்கா அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். காவல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழவில்லை. எனக்கு அந்த நேரம் தலைவரின் கழுத்து வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஃபோன் எடுத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஐயோ… ஸொறியப்பா," என்றார். ஒரு நிமிடம் இருக்காது. "அது சரி, நீர் முகநூல் பாத்தனீரோ? உங்கட ஒழுங்கையில வெள்ளைக் கொடி கட்டினதை ஆரோ படம் எடுத்துப் போட்டிருக்கினம். சனம் ஷேர் பண்ணித் தள்ளுது. நாங்கள் காசு குடுத்திருந்தாலும் இப்பிடி வராது."

அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. நான் சொன்ன கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கு அவ்வளவு தெரியுமா என்று அவரே ஆச்சரியப்பட்டிருப்பார்.

போஸ்டரை உரிக்க அவர்கள் இருவரும் வரவில்லை. நானும் சந்திப் பெடியன்மாரும்தான் தண்ணீர் வாளியும் கத்தியுமாகப் போனோம். டியூஷன்காரர்கள் பாவிக்கிற பசை லேசில் விடாது. அக்காவின் கண் வரும், வாய் வராது. அரைமுகத்தோடு அவள் எத்தனையோ சுவரில் நின்றாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அவள் சாகவில்லை, நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வேண்டியிருந்தது. தமிழ் வீட்டில் தமிழில், சிங்கள வீட்டில் சிங்களத்தில். சாகாதவளைச் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கெட்டி என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அப்படியும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இரண்டு பேர் மலர்வளையத்தோடு வந்தார்கள். ஒருவர் அக்காவின் கடை முதலாளி. அவர் கதவைத் தட்ட, அக்காவே திறந்தாள். மலர்வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

பாட்டு வெளியே போகக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். அது தீர்மானமாகிவிட்டது. ஆனால் வகுப்புக்கு முதல் நாள் பென் டிரைவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"வகுப்பில மட்டும் போடு. ஸ்டூல் பாட்டப் போடு, மத்தது வேணாம். படிச்ச ஆக்கள் கேட்டுட்டு என்ன சொல்லுறாங்கன்னு பாத்திட்டு வா. பாட்டு நல்லமா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு."

இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. தலைவரிடம் கேட்டேன். கடைசியில் பாட்டைப் போட்டு முடிப்போம் என்று ஒத்துக்கொண்டார்.

வகுப்பில் அவர் கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். திரையில் முதலில் போஸ்டர். அடுத்து வெள்ளைக் கொடி. அதற்கடுத்து, நான் அதுவரை பார்த்திராத ஒரு படம்: பெரியப்பாவின் வீட்டு வாசலில் சனம் நெருக்கி நிற்கிறது, முன் வீட்டு அன்ரி வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுகிறார். அதன் கீழே ஆங்கிலத்தில் 'மக்கள் ஈடுபாடு' என்று போட்டிருந்தது. தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஒரு சமூகத்தின் துக்கச் சடங்கைத் தாங்கள் விளம்பர மொழியாக மாற்றியதாகச் சொன்னார். தெரியாமல் செய்த முட்டாள்தனம் நாலைந்து நாளில் திட்டமிட்ட உத்தியாகிவிட்டிருந்தது. மற்றவள் பக்கத்தில் நின்று, அந்தக் குடும்பத்தை நினைக்கத் தனக்கு அழுகை வந்ததாகச் சொன்னாள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

"பிரில்லியன்ட்," என்றார் சேர். "ரிஸ்கி, பட் பிரில்லியன்ட்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து முன்னால் போனேன். பெரியப்பாவின் சட்டைப் பையில் இருந்த போஸ்டர் என்னிடம் இருந்தது. வியர்வையில் ஊறி மடிப்பெல்லாம் பிய்ந்திருந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு சவச்சாலை வாசலைச் சொன்னேன். சேலையைச் சொன்னேன்.  ஒரு பிள்ளை கண்ணைத் துடைத்தாள்.

சேர் எழுந்து வந்தார். போஸ்டரைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இது ரொம்ப பவர்ஃபுல். இத ரிப்போர்ட்டோட சேத்து வைக்கலாமே?"

நான் அதை அவருடைய கையிலிருந்து பிடுங்கினேன். ஒரு மூலை அவருடைய விரலிலேயே நின்றுவிட்டது. பென் டிரைவை மேசையில் வைத்தேன். "பாட்டப் போடுங்க சேர். பாட்ட ஒருத்தரும் கேக்கல," என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் முடிஞ்சுது. அடுத்த குரூப் வெயிட் பண்ணுறாங்க. பாட்ட பிறகு கேக்கலாம்தானே?"

அடுத்த குழு ஏற்கனவே வயரைக் கழற்றித் தங்கள் லெப்டொப்பில் செருகிக்கொண்டிருந்தது. தலைவர் என்னைப் பார்க்காமல் கோட்டைச் சரிசெய்தார். ஒரு பாட்டை மக்களிடம் கொண்டுபோக மாதக்கணக்கில் வேலை செய்து, வாய் கிழியப் பேசி, கைதட்டலும் வாங்கிய பிறகு, அந்த அறையில் எங்கள் மூவரைத் தவிர ஒருவருக்கும் அந்தப் பாட்டு என்னவென்று தெரியாது. இதற்கு அவர்களுக்கு ஆக உயர்ந்த தரம், அதிவிசேட சித்தி. நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். அந்த டிப்ளோமாவை எடுக்க நான் திரும்பிப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கதிரையில் உட்கார்ந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தாள். கடையிலிருந்து வந்து வெகுநேரம் இல்லை. பெரியப்பா பக்கத்தில் இருந்தார். மஞ்சள் சேலை கழுவிக் கொடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் அக்கா நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னாங்க? பாட்டு நல்லமாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"போடல அக்கா. நேரம் இல்லன்னுட்டாங்க."

அவள் காலை எடுத்து, சீலைத்துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"என்னச் சாகடிக்க மட்டும் நேரம் இருந்திச்சி," என்றாள்.

பெரியப்பா எங்கள் இருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. "என்னவாம்? பாட்டுக்கு என்ன சொன்னாங்களாம்?" என்று கத்திக் கேட்டார். அக்கா அவருடைய காதோடு வாயை வைத்தாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்.

"நல்லாருக்காம், அப்பா! எல்லாரும் கை தட்டினாங்களாம்!"

ஒழுங்கை முழுவதற்கும் அது கேட்டிருக்கும்.